காலண்டர் தாளின் பின்பக்கம்

எங்கள் சமூக மலருக்காகச் சாந்திமதியைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். ‘நோயை வென்ற பெண்மணி’ என்று தலைப்பையும் அவர்களே போட்டுவிட்டார்கள். “நீங்கதாம்மா கூடவே இருந்தீங்க, உங்களுக்குத்தான் எல்லாம் தெரியும்” என்றார் கேட்க வந்தவர். எழுதிக் கொடுத்துவிட்டேன். நல்லவள், பொறுமைசாலி, தர்மத்தில் பிடிப்புள்ளவள் என்றெல்லாம் எழுதினேன். அதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. ஆனால் முக்கியமான ஒன்றை விட்டுவிட்டேன். எனக்கு அவள் மேல் பொறாமை. ஒன்றிரண்டு நாள் பொறாமை இல்லை, இருபத்திநாலு வருஷப் பொறாமை. அதை மறைத்துவிட்டு அவள் கதையைச் சொல்ல முடியாது. ஏனென்றால் அவள் குடலில் இருந்த கட்டியை முதலில் மோப்பம் பிடித்தது அந்தப் பொறாமைதான்.

என் பெயர் தேவகி. சாந்திமதி என் ஓரகத்தி, என் கணவர் ஜெயக்குமாரின் தம்பி அப்பாண்டையின் மனைவி. காஞ்சிபுரத்தில் வேகவதி ஆற்றைத் தாண்டினால் எங்கள் வீடு. நாங்கள் நைனார்கள், தமிழ்ச் சமணர்கள். மாமனார் காலத்து வீட்டை நடுவில் சுவர் எழுப்பி இரண்டாக்கிக்கொண்டோம். வாசல் இரண்டு, தோட்டம் ஒன்று, துவைக்கிற கல் ஒன்று. சுவருக்கு இந்தப் பக்கம் என் சமையலறை, அந்தப் பக்கம் அவளுடையது. அவள் அப்பளம் பொரித்தால் எத்தனை அப்பளம் என்று நான் சொல்வேன்.

வாலாஜாபாத் பக்கத்து ஊரில் நெல் விவசாயி வீட்டில் பிறந்தவள். கல்யாணத்துக்கே பருத்திப் புடவையில்தான் வந்தாள். புழுவைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்த நூல் தன் மேல் படக் கூடாதாம். வாக்கப்பட்டு வந்தது காஞ்சிபுரத்துக்கு! மூத்த மருமகள் நான், அரக்கில் அகலக் கரை போட்ட பட்டு கட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறேன். வந்தவர்கள் ஒருவர் கண்ணும் என் மேல் இல்லை. “பொண்ணு எவ்ளோ லட்சணமா இருக்குது பாரு, சாதா புடவைலயே” என்று அவளைத்தான் பார்த்தார்கள். அன்றைக்குப் பிடித்தது எனக்கு.

வேலையில் அவளைக் குறை சொல்ல முடியாது, அதுதான் ஆத்திரம். டி.வி.எஸ். வண்டியை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போய் நடவு பார்த்துவிட்டு, பத்து மணிக்குள் திரும்பிச் சமைத்துவிடுவாள். பொழுது சாய்வதற்கு முன் எல்லோரும் சாப்பிட்டுக் கையைக் கழுவியிருப்போம், அது எங்கள் வழக்கம். நான் ஆறு மணிக்கு அரக்கப் பரக்க வாயில் போட்டுக்கொண்டிருப்பேன். அவள் ஐந்தரைக்கே அடுப்பைத் துடைத்துவிட்டுத் தோட்டத்தில் நிற்பாள். மாமியார் இருந்த காலத்தில், “சாந்தியப் பாரு” என்பது எனக்குத் தினசரிப் பாடம்.

எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டிருப்பேன். முனிமகராஜ் விஷயத்தைத்தான் பொறுக்க முடியவில்லை. எங்கள் முனிவர்கள் ஒரு நாளைக்கு ஒரே வேளை, காலையில், நின்றபடி கையில் வாங்கிச் சாப்பிடுவார்கள். அவர்கள் தெருவில் நடந்து வரும்போது வீட்டுக்கு வீடு வாசலில் கலசத்தோடு நின்று வணங்கி அழைப்போம். எந்த வீட்டில் நிற்பது என்பதற்கு அவர் மனதுக்குள்ளேயே ஓர் அடையாளம் நினைத்துக்கொண்டு வருவார். அது என்ன என்று யாருக்கும் தெரியாது, யாரும் கேட்கவும் கூடாது. அவர் நினைத்தது எந்த வாசலில் இருக்கிறதோ அங்கே நிற்பார். பதிமூன்று வருஷத்துக்கு முன் ஒருவர் வந்தார். நான் என் வாசலில், அவள் அவள் வாசலில். நடுவில் நாலு அடி இருக்குமா? என்னைத் தாண்டிப் போய் அவள் முன்னால் நின்றுவிட்டார். நான் உள்ளே போய், அவருக்காகச் செய்த பாயசத்தை நானே இரண்டு டம்ளர் குடித்தேன். அப்படியும் ஆறவில்லை.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், பொங்கல் கழிந்ததிலிருந்து சாந்தி இளைக்க ஆரம்பித்தாள். அதற்கும் பாராட்டுதான். அப்போது நான் சர்க்கரைக்கு மாத்திரை போட்டுக்கொண்டு, தினம் காலையில் ஆற்றுப் பாலம் வரை நடந்து, அரைக் கிலோகூடக் குறையாமல் இருந்தேன். அவளோ மாதம் ஒரு சுற்று குறைந்தாள். ரவிக்கைக் கொக்கியை இரண்டு முறை உள்ளே தள்ளித் தைத்தாள். அஷ்டமி, சதுர்த்தசிக்கு மட்டும் நோன்பு இருந்தவள் பிறகு வாரத்துக்கு இரண்டு நாள், மூன்று நாள் என்று ஏற்றிக்கொண்டே போனாள். “தபஸ்வினி மாதிரி ஆயிட்டா பாருங்க, மூஞ்சில தேஜஸ்” என்றார்கள் கோயிலில். தேஜஸாம்! எனக்கு அது வெளுப்பாகத்தான் தெரிந்தது. சொன்னால் வயிற்றெரிச்சல் என்பார்கள், அதனால் சொல்லவில்லை.

நானும் ஒரு அஷ்டமிக்கு இருந்து பார்த்தேன். இவளுக்கு நான் என்ன குறைச்சல்? பதினொரு மணிக்குக் கை நடுங்கிவிட்டது. பெரிய காஞ்சிபுரத்தில் என் சிநேகிதி வீட்டுக்குப் போய், மந்தாரை இலை வாசனையோடு கோயில் இட்லி இரண்டு துண்டு சாப்பிட்டுவிட்டு, வாயை நன்றாகத் துடைத்துக்கொண்டு வந்தேன்.

அதற்கு மறு வாரம்தான் அதைப் பார்த்தேன். நாலு மணி இருக்கும். பக்கத்துத் தெருத் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. சாந்தி தோட்டத்து மூலையில் முருங்கை மரத்தடியில் குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். சத்தம் வராமல் எடுத்தாள். எடுத்துவிட்டு ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவினாள், சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தாள், முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். நான் என் சமையலறை ஜன்னலில் மூச்சுக்கூட விடவில்லை.

எனக்குத் தோன்றியது இதுதான். திருட்டுத்தனமாக எதையோ தின்கிறாள்! ஊருக்கு நோன்புக்காரி, வீட்டுக்குள் வேறு. அகாலத்தில் தின்றது செரிக்காமல் வெளியே வருகிறது. அப்பாடா என்று இருந்தது. இருபத்திரண்டு வருஷத்தில் முதன்முறையாக அவள் என் கையில் சிக்கினாள்.

சும்மா சொன்னால் யார் நம்புவார்கள்? ஆதாரம் வேண்டும். எங்கள் வீட்டில் அரிசிக் கடைக்காரர் கொடுத்த தினசரிக் காலண்டர் மாட்டியிருக்கும். தேதியோடு அஷ்டமி, நவமி என்று திதியும் அச்சடித்திருப்பார்கள். தினம் கிழித்த தாளின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தேன். என்றைக்கு நோன்பு, என்றைக்குச் சாப்பாடு, என்ன சாப்பிட்டாள், எப்போது எழுந்து வெளியே ஓடினாள், எல்லாம். சமையல் வாசனை எனக்குச் சொல்லும், மிச்சத்தை ஜன்னல் சொல்லும். எழுதிய தாள்களை அஞ்சறைப் பெட்டிக்குப் பின்னால் ஒரு பிஸ்கட் டப்பாவில் வைத்தேன்.

‘அஷ்டமி. நோன்பு. வலி இல்லை. சிரித்துக்கொண்டு துணி காயப்போடுகிறாள்.’

‘நவமி. ஒன்பது மணிக்கு நோன்பு முடித்துப் பாரணை. கீரைக் கூட்டு, சோறு. பத்தரைக்குத் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். வயிறு கடமுடவென்று உருளுகிற சத்தம் எனக்கே கேட்டது. மூன்று மணிக்கு வாந்தி.’

‘இன்று ரசம் சாதம் மட்டும். வலி உண்டு, வாந்தி இல்லை.’

‘கறுப்பாகப் போகிறது என்று போனில் பெண்ணிடம் சொல்கிறாள். தார் மாதிரியாம்.’

பெண் என்றால் ஸ்ருதி, அவளுடைய ஒரே மகள். ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் வேலை, தங்குவதும் அங்கேயே. வாரக் கடைசியில் வருவாள். அந்தப் பெண் கட்டாயப்படுத்தித்தான் சாந்தி டாக்டரிடம் போனாள். வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள், சுத்தமாக இருந்தது. இரண்டு மாதம் கழித்துக் கீழ் வழியாகவும் பார்த்தார்கள், அதுவும் சுத்தம். முதல் தடவை போனபோதே ரத்தம் குறைவு என்று இரும்புச்சத்து மாத்திரை கொடுத்திருந்தார்கள். கறுப்பாகப் போவதற்கு அந்த மாத்திரைதான் காரணம் என்றார்கள். “இவ்ளோ நோன்பு இருந்தா உடம்புல ரத்தம் எங்க நிக்கும்?” என்று டாக்டர் கோபித்துக்கொண்டாராம். அப்பாண்டை வந்து சொன்னபோது எனக்குள் ஒரு குதி குதித்தது. நோய் கிடையாது, எல்லாம் நடிப்பு என்று முடிவே கட்டிவிட்டேன்.

ஆவணி கடைசியில் தசலட்சண பர்வம் வந்தது. பத்து நாள் பண்டிகை எங்களுக்கு. பத்து நாளும் வடிகட்டின வெந்நீர் மட்டும் குடித்து இருக்கப்போவதாகச் சாந்தி சொன்னாள். ஊரே தலையில் தூக்கி வைத்து ஆடியது. பத்தாம் நாள் மாலை போட்டு, நாதஸ்வரம் வைத்து வீட்டுக்கு அழைத்து வருவதாக ஏற்பாடு. நாதஸ்வரமா? என் வாசலைத் தாண்டி, நாலு அடி தள்ளியா? அன்று முழுக்க எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை.

முதல் நாள் காலை, கோயில் மண்டபத்தில் சாந்தி, பூசை செய்கிற வாத்தியார் முன்னால் கை கூப்பி விரதம் எடுத்துக்கொள்ள நின்றாள். ஐம்பது அறுபது பேர் இருந்தோம். நான் மடியிலிருந்து பிஸ்கட் டப்பாவை எடுத்தேன்.

“வாத்தியாரே, கொஞ்சம் நிறுத்துங்க. இவ நோன்புக்காரி இல்ல. எல்லாரையும் ஏமாத்திக்கினு இருக்கா.”

“தேவகி, வாய மூடு” என்றார் என் கணவர்.

மூடுவேனா? தாள் தாளாக எடுத்து உரக்கப் படித்தேன். கீரைக் கூட்டு, பத்தரை மணி, மூன்று மணி, வாந்தி. கறுப்பு. ரவிக்கைக் கொக்கி. ஏழெட்டுத் தாள் படித்திருப்பேன். அதற்கு மேல் யாரும் என்னைத் தடுக்கவில்லை. எல்லோரும் சாந்தியைப் பார்த்தார்கள். அவள் முகத்தில் கோபமே இல்லை. தூணைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

“அக்கா சொல்றது அத்தனையும் நெசம். திருட்டுத்தனமா துன்னல. துன்னவே முடியல. சாப்ட்டா வலிக்குது. சாப்பிடலன்னா வலி இல்ல. ஒரு வேள விட்டேன், நல்லா இருந்துச்சு. ஒரு நாள் விட்டேன், இன்னும் நல்லா இருந்துச்சு. பகவான் என்னை நோன்புப் பக்கம் கூப்புடறாருன்னு நெனச்சிக்கினேன்.”

நாங்கள் எல்லோரும் சேர்ந்து செய்த தப்பு அது. வேறு ஊரில், வேறு சாதியில் ஒருத்தி சாப்பிடாமல் இளைத்துப்போனால் என்னவோ ஏதோ என்று பதறியிருப்பார்கள். நாங்கள் மாலை கட்டச் சொல்லிவிட்டோம்.

பண்டிகைக்கு வந்திருந்த ஸ்ருதி என் கையிலிருந்த தாள்களை வாங்கினாள். நின்ற இடத்திலேயே ஒவ்வொன்றாகப் படித்தாள். கீழே விழுந்தவற்றையும் பொறுக்கித் தேதி வாரியாக அடுக்கினாள். “பெரியம்மா, டப்பாவக் குடுங்க” என்றாள். குரலில் மரியாதையும் இல்லை, திட்டும் இல்லை. அன்று மதியமே அம்மாவையும் அப்பாவையும் காரில் ஏற்றிக்கொண்டு சென்னைக்குப் போனாள். என்னையும் ஏறச் சொன்னாள். “உங்களுக்குத்தான எல்லாம் தெரியும்” என்றாள்.

குடல் டாக்டர் பெயர் ரேவதி. நாற்பது வயது இருக்கும். அப்பாண்டையிடம், “சாப்பிட்டு எவ்வளவு நேரத்துல வலி வரும்?” என்று கேட்டார். அவன் திருதிருவென்று விழித்தான். எப்போதிலிருந்து என்றார். அதற்கும் விழித்தான். இருபத்திரண்டு வருஷம் ஒரே தட்டில் சாப்பிடாத குறையாக வாழ்ந்தவன்! ஸ்ருதி டப்பாவை மேஜையில் வைத்தாள். டாக்டர் அறுபத்தேழு தாளையும் படித்தார். ஒரு தாளை மட்டும் தனியே எடுத்து, இரும்பு மாத்திரைச் சீட்டின் தேதியோடு ஒப்பிட்டார்.

“மாத்திரை ஆரம்பிக்கிறதுக்கு மூணு வாரம் முன்னாடியே கறுப்பா போயிருக்கு. அப்ப இது மாத்திரையால இல்ல. உள்ள எங்கயோ ரத்தம் கசியுது.”

“ரெண்டு பக்கமும் குழா வுட்டுப் பாத்துட்டாங்களே டாக்டரம்மா” என்றான் அப்பாண்டை.

“மேல இருந்து போற குழாய் இரைப்பையைத் தாண்டிக் கொஞ்ச தூரம்தான் போகும். கீழ இருந்து போறது பெருங்குடல் முடியற இடத்தோட நின்னுடும். நடுவுல சிறுகுடல், சுமார் இருபது அடி, சுருண்டு கிடக்குது. அதை இன்னும் யாருமே பாக்கல. அங்க புத்துநோய் வர்றது அபூர்வம். அதனால யாருக்கும் சட்டுனு அந்த நெனப்பு வராது.” தாள்களைத் தட்டி அடுக்கினார். “நார் அதிகமான சாப்பாடு சாப்பிட்டா ஒன்றரை மணி நேரத்துல வலி. ரசம் சாதத்துக்குக் கம்மி. பட்டினின்னா வலியே இல்ல. வழி அடைபட்டுக்கிட்டு வருதுன்னு இதுவே சொல்லுது.”

கேமரா வைத்த மாத்திரையை விழுங்கச் சொல்வார்களே, அதைக் கொடுக்கலாமே என்று ஸ்ருதி கேட்டாள். குடல் சுருங்கியிருந்தால் அது அங்கேயே சிக்கிக்கொள்ளும், வேண்டாம் என்றார் டாக்டர். குடலை விரிய வைக்கிற ஒரு மருந்து நீரை முக்கால் மணி நேரத்தில் ஒன்றரை லிட்டர் குடிக்கச் சொல்லி ஸ்கேன் எடுக்கலாம் என்றார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்.

“நீங்க அக்காவா?”

“ஓரகத்தி.”

“எவ்வளவு பாசம் இருந்தா இப்படி ஒண்ணு விடாம எழுதியிருப்பீங்க! ஆனா முதல் தாள் மாசி மாசம். இப்ப ஆவணி. ஏம்மா, அப்பவே கூட்டிட்டு வந்திருக்கக் கூடாதா?”

பதில் சோதனைப் படுக்கையிலிருந்து வந்தது.

“பாசத்துல எழுதல டாக்டர். பொறாமைல எழுதினாங்க. பொறாமைக்கு ஆஸ்பத்திரில என்ன வேல?” என்று சாந்தி சிரித்தாள். டாக்டரும் சிரித்தார், விளையாட்டு என்று நினைத்து. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அத்தனை வருஷமும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது!

ஸ்கேனில் இருந்தது. சிறுகுடலின் முதல் பாதியில், ஒரு விரல்கூட நுழையாத அளவுக்கு இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு கட்டி. பலூன் வைத்த நீளமான குழாயை விட்டு அதில் ஒரு துணுக்கை எடுத்துச் சோதித்தார்கள். புற்றுநோய்தான். சாந்தியின் அம்மா ஐம்பது தாண்டாமல் ஏதோ வயிற்று வலியில் போனவள் என்பதால், குடும்பத்தில் தொடர்கிற வகையா என்றும் பார்த்தார்கள். இல்லை என்று வந்தது. அந்த நிம்மதியில் மட்டும் ஸ்ருதி அழுதாள்.

இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றி, புரட்டாசி கடைசியில் அறுவை செய்தார்கள். கட்டியோடு ஒன்றரை அடிக் குடலை எடுத்துவிட்டு இரண்டு முனையையும் இணைத்தார்கள். சுற்றியிருந்த நெறிக்கட்டிகள் பதினாலை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். அதில் இரண்டில் நோய் பரவியிருந்தது.

அந்த இரண்டு என்னைத் தின்றது. மாசியில் வந்திருந்தால் அந்த இரண்டும் சுத்தமாக இருந்திருக்குமோ? வராந்தாவில் டாக்டரை மடக்கிக் கேட்டேன். “சொல்ல முடியாதும்மா. இருந்திருக்கலாம், இல்லாமலும் போயிருக்கலாம்” என்றார். இல்லவே இல்லை என்று சொல்லியிருக்கலாமே என்று அவர் மேல் கோபம் வந்தது. ஊரில் வேறு மாதிரி பேசினார்கள். தேவகியின் கண் பட்டுத்தான் அவளுக்கு இப்படி ஆனது என்று என் காதுபடவே சொன்னார்கள். மற்ற நாளாக இருந்தால் சும்மா விட்டிருக்க மாட்டேன். அன்று தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டேன்.

இதெல்லாம் நடந்தும் நான் திருந்தினேனா என்றால், இல்லை. ஆஸ்பத்திரியில் அவளைப் பார்க்க எத்தனை பேர்! திருப்புட்குழியிலிருந்து, வாலாஜாபாத்திலிருந்து, முகமே தெரியாதவர்களெல்லாம் இளநீரும் மாதுளையுமாக வந்தார்கள். எனக்குக் கர்ப்பப்பை எடுத்தபோது மொத்தம் ஆறு பேர் வந்தார்கள். நாக்கு நுனி வரைக்கும் வந்ததை விழுங்கினேன். அட சண்டாளி, வயிற்றைக் கிழித்துக்கொண்டு படுத்திருக்கிறவளோடுமா போட்டி என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். திட்டி முடிப்பதற்குள் ஏழாவது இளநீர் வந்தது. மறுபடியும் பற்றிக்கொண்டது.

நர்ஸ் கட்டுப் பிரிக்கும்போது நான் பக்கத்தில் நின்றேன். வயிற்றிலிருந்து கசிவு வெளியே வர ஒரு ரப்பர் குழாய் வைத்து, அது நழுவாமல் தோலோடு கறுப்பு நூலில் தைத்திருந்தார்கள்.

“இது என்ன நூலும்மா?” என்றேன்.

“சில்க்” என்றாள் நர்ஸ்.

நானும் சாந்தியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். “கட்டமாட்டேன் கட்டமாட்டேன்னு இருந்தியே, கடைசில தச்சே வுட்டுட்டாங்க பாருடி” என்றேன். அவள் தையலைக் கையால் அழுத்திக்கொண்டு சிரித்தாள். “சிரிக்க வெக்காதீங்கக்கா, வலிக்குது” என்று கெஞ்சினாள். வலிக்குது என்று அவள் என்னிடம் நேராகச் சொன்னது அதுதான் முதல் தடவை.

ஐப்பசியில் மருந்து சிகிச்சை தொடங்கியது. மூன்று வாரத்துக்கு ஒரு முறை சென்னையில் ஊசி வழியாக ஏற்றுவார்கள். பிறகு இரண்டு வாரம் வீட்டில் காலையும் மாலையும் மாத்திரை, ஒரு வாரம் ஓய்வு. இப்படி எட்டுச் சுற்று. ஊசி போட்ட நாலைந்து நாளைக்குக் குளிர்ந்த எதைத் தொட்டாலும் அவள் விரலில் முள் குத்தியது. அதனால் அவள் பாத்திரம் என்னிடம் வந்தது, அவள் துணியும் வந்தது. பிறகு அவள் சமையலும் என் அடுப்புக்கே வந்தது. கீரையும் பருப்பும் கொஞ்ச நாள் கூடாது, குழைந்த சோறும் மோரும் சின்னச் சின்னதாக ஆறு தடவை.

மாத்திரையில் ஒரு சிக்கல். சாப்பிட்டு அரை மணிக்குள் போட வேண்டும், இரண்டு வேளைக்கும் நடுவில் பன்னிரண்டு மணி நேரம் இருந்தால் நல்லது. இவளோ பொழுது சாய்ந்தால் பச்சைத் தண்ணீரும் தொடமாட்டாள். கார்த்திகை மாதத்தில் பொழுது எத்தனை நேரம் இருக்கிறது? டாக்டரிடம் போனில் சண்டை போட்டு, பதினோரு மணி நேரம் போதும் என்று வாங்கினேன். காலை ஆறரை, மாலை ஐந்தரை. சூரியன் எப்போது மறையும் என்று காலண்டர் தாளில் பார்த்து வைத்துக்கொண்டு, ஐந்து மணிக்கே சுவரைத் தட்டுவேன். “சாந்தி, சோத்தத் துன்னு! மாத்திர!” என்று நான் கத்துவது தெருக்கோடி வரை கேட்டது. பக்கத்துத் தெருத் தறிக்காரர்கள் என் கத்தலைக் கேட்டுத்தான் டீ குடிக்க எழுந்தார்கள்.

ஒரு நாள் மாத்திரை கொடுத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்து முறுக்கு கடித்துக்கொண்டிருந்தேன். என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எனக்கும் உங்க மேல பொறாமதான்க்கா” என்றாள்.

“எம் மேலயா? எங்கிட்ட என்னாடி இருக்குது?”

“நீங்க முறுக்கு கடிக்கற சத்தம் செவுத்துக்கு இந்தாண்ட கேக்கும். நான் ஒரு வாய் துன்னா சுருண்டு படுத்துக்கினு இருப்பேன், நீங்க அங்க கடகடன்னு கடிச்சிக்கினு இருப்பீங்க. அப்டியே எழுந்து வந்து புடுங்கிக்கலாமான்னு இருக்கும். அழுதிருக்கேன்.”

நான் பாதி முறுக்கைத் தட்டில் வைத்தேன். அதை எடுத்து மறுபடியும் வாயில் வைக்க அன்றைக்கு எனக்குத் தெம்பில்லை.

பங்குனியில், ஏழாவது சுற்று நடந்துகொண்டிருந்தபோது முனிமகராஜ் ஒருவர் வந்தார். சாந்தியால் நிற்க முடியாது. உள்ளங்கால் தோல் உரிந்திருந்தது, வயிறும் போய்க்கொண்டிருந்தது. நான் குளித்து, பருத்திப் புடவை கட்டிக்கொண்டு, கலசத்தோடு என் வாசலில் நின்றேன். பக்கத்து வாசல் காலியாக இருந்தது. அவர் மெல்ல நடந்து வந்தார். என் முன்னால் நின்றார். பன்னிரண்டு வருஷமாக நான் கேட்டது அது. வணங்கி, உள்ளே அழைத்து, அவர் ஏந்திய கைகளில் ஒவ்வொரு கவளமாக வைத்தேன். அவர் வயிறார வாங்கிக்கொண்டு போனார். தெருவே என்னைப் புகழ்ந்தது.

எனக்கு ஒரு சந்தோஷமும் இல்லை. எதிரே ஆள் இல்லாத பந்தயத்தில் ஜெயித்த மாதிரி வெறிச்சென்று இருந்தது. அவள் இல்லாமல் போனால் இந்த வாசலில் இனி எப்போதும் இப்படித்தான் நிற்பேன் என்று தோன்றியது. சமையலறைக்குள் போய்ப் புடவையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதேன். பிழைத்துக்கொள்ளடி பாவி, உன்னைப் பார்த்துப் பொறாமைப்படாமல் எனக்குப் பொழுது போகாது என்று அந்தச் சுவரைப் பார்த்துச் சொன்னேன்.

சாயங்காலம் மாத்திரை கொடுக்கப் போனபோது சாந்தி தலையணைக்கு அடியிலிருந்து எடுத்து என்னிடம் ஒன்றை நீட்டினாள். அன்றைய காலண்டர் தாள். பின்பக்கத்தில், விரல் மரத்துப்போனவளின் கோணல் எழுத்தில், எழுதியிருந்தாள்:

‘காலை 9.40. முனிமகராஜ் அக்கா வீட்டில் நின்றார். ஜன்னலில் பார்த்தேன். எனக்குப் பொறாமை தாங்கவில்லை. அடுத்த வருஷம் நான் நிற்பேன்.’

மருந்து முடிந்து எடுத்த ஸ்கேனில் ஒன்றும் இல்லை. அதற்கப்புறம் எடுத்ததிலும் இல்லை. ஐந்து வருஷம் போகட்டும், அப்புறம் பேசலாம் என்கிறார் டாக்டர். அவள் ஒரு சுற்று பெருத்திருக்கிறாள், கொக்கியை வெளியே தள்ளித் தைத்திருக்கிறாள். நோன்பு அஷ்டமிக்கும் சதுர்த்தசிக்கும் மட்டும்தான். மறுநாள் பாரணைக்கு நான் பக்கத்தில் உட்கார்ந்து, ஒன்றரை மணி நேரம் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் எழுந்திருப்பேன்.

அடுத்த வருஷம் என்றாளே, அது வந்துவிட்டது. நாளைக்குக் காலையில் முனிமகராஜ் வருகிறாராம். சுவருக்கு அந்தப் பக்கம் புளி போட்டுக் கலசம் தேய்க்கிற சத்தம் கேட்கிறது. இப்போதுதான் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன், அவளுடையது என்னுடையதைவிடப் பளபளவென்று இருக்கிறது. எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பேனாவை வைத்துவிட்டு நானும் போய் இன்னொரு தடவை தேய்க்கப் போகிறேன்.